எத்தனை நூல்

உள்துறைமுக வீதி அலுவலகத்தில்
என் மனு மூன்றாம் முறையும் தொலைந்துவிட்டது.
"அக்குபஞ்சர் எங்களுக்குள்ள வராது மிஸ்,
சுகாதாரத்துக்குப் போங்கோ."
சுகாதாரம் சொன்னது: சுதேச வைத்தியம்.
சுதேச வைத்தியம் ஊசியைத் திருப்பிப் பார்த்துச் சொன்னது:
இது சீனத்துச் சாமான்.
சீனன்குடாவுக்கு பஸ் ஏற்றிவிடவில்லை,
அந்தளவில் மரியாதை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.
என்னைப் பரீட்சிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஐந்து ஞாயிறு படித்தேன்.
உப்புவெளி ஹோட்டல் ஒன்றின் மேல்மாடி,
மத்தியானம் புரியாணி,
ஐந்தாம் ஞாயிறு தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ்.
குத்திப் பழகியது தோடம்பழத்தில்.
தோடம்பழத்துக்கு நுரையீரல் இல்லை.

பலகை எழுதினவன் என் பெயருக்கு முன்னால்
டொக்டர் என்று போட்டு,
தன்பாட்டில் ஒரு தாமரையும் வரைந்தான்.
தாமரையை மட்டும் அழிக்கச் சொன்னேன்.

நாலு வருசம்.
முழங்கால், இடுப்பு, ஒற்றைத் தலையிடி,
பரீட்சைத் தாள் திருத்தி நித்திரை தொலைத்த ஆசிரியைகள்.
பலபேருக்கு இதமாகத்தான் இருந்தது,
அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

பிறகு திருக்கடலூர் சித்திரவேல் அண்ணை வந்தார்.
வலை இழுத்து இறுகிய வலது தோள்.
கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே
படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
படத்தில் எல்லா உடம்பும் ஒரே பருமன்.
அவரோ தோலும் எலும்புமான மனிசன்.
ஊசி தடையில்லாமல் இறங்கியது.
கைவாகு என்று நினைத்துக்கொண்டேன்.

காசில் நூறு ரூபா குறைக்கச் சொல்லிச் சிரித்து
சைக்கிளில் ஏறிப் போனார்.
மான்கள் கடற்கரைப் பக்கம் இறங்கும் நேரம்
மகள் ஃபோன் எடுத்தாள்:
"அப்பாவுக்கு மூச்சு அரைவாசிதான் போகுது அக்கா."

பெரியாஸ்பத்திரி விறாந்தையில்
அவருடைய தம்பி நின்றார், வள்ளம் கட்டும் தச்சன்.
காதில் பென்சில்.
கத்தவில்லை. கேட்டது ஒன்றுதான்:
"எத்தனை நூல், பிள்ளை?"

படித்ததைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.
"ஒன்று," என்றேன். "அதுவும் போட்டோக்கொப்பி."
அவர் விரலை நீட்டி
நகத்தால் ஓர் ஆழத்தை அளந்து காட்டினார்.
பலகையில் ஆணி இறக்குகிறவனுக்கு
அரை நூல் பிழைத்தாலும் தெரியும்.
அந்த அளவு எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரியாது என்பதைக்கூட
அன்றுவரை யாரும் எனக்குக் கேட்டுச் சொல்லவில்லை.

நெஞ்சில் குழாய். ஒன்பது நாள்.
பத்தாம் நாள் வந்து படியில் நின்றார் சித்திரவேல் அண்ணை:
"தோள் நல்ல சுகம் தங்கச்சி.
மற்றத் தோளுக்கும் ஒன்று போட்டுவிடன்."

அன்றிரவுதான் முதல் மனுவை எழுதினேன்.

அவருடைய வள்ளத்தின் முகப்பில் பதிவிலக்கம் உண்டு.
வலைக்கண்ணை அதிகாரி வந்து அடிமட்டம் வைத்துப் பார்ப்பார்,
மீன்குஞ்சு தப்புவதற்கு ஓர் அளவு இருக்கிறது.
அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன
ஓட்டோப் பெடியனிடமும் அனுமதிப்பத்திரம் இருந்தது.
வாயிலில் காவலாளி கேட்டான், காட்டினான்.
பின்னால் ஓடிவந்த என்னிடம்
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்கவேண்டும்.
விலா எங்கே முடிகிறது, அதற்குக் கீழே என்ன,
போட்ட ஊசியை எண்ணினாயா, எடுத்ததை எண்ணினாயா,
எத்தனை உடம்பை இன்னொருவர் பார்த்திருக்கத் தொட்டாய்?
பதில் பிழைத்தால் என் பெயரை வெட்ட
ஒரு பதிவேடு வேண்டும்.
வெட்டுவதற்கு முதலில் எழுதவேண்டுமே.

இன்று நாலாம் மனு.
முறைப்பாட்டாளர்: ம. செராபினா, பாலையூற்று.
யாருக்கு எதிராக: மேற்படி.
எழுதுவினைஞர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இப்பிடி ஒரு ஃபோம் இல்லை மிஸ்."
"அதைத்தான் கேக்கிறன்," என்றேன்.

வீட்டில் ஊசிப்பெட்டி
பிளாஸ்டர் சுற்றியபடி கிடக்கிறது.
பலகையில் டொக்டரைச் சுரண்டிய இடம்
மற்ற இடத்தைவிட வெள்ளையாகத் தெரிகிறது.
போகிறவர்கள்
அதைத்தான் வாசிக்கிறார்கள்.